சத்தம் போடாத டாக்டரம்மா

உங்க வீட்டுல மூணு, நாலு வயசுல ஒரு வாண்டு இருக்கா? அக்கா பையனோ, சித்தி பொண்ணோ, மாடி வீட்டுக் குட்டியோ, யாரா வேணா இருக்கட்டும். செருப்பை எடுத்து ஓரமா வைன்னு ஒரு தடவை சொல்லுவீங்க. காதுலயே விழாது. ரெண்டாவது தடவை கொஞ்சம் சத்தமா சொல்லுவீங்க. மூணாவது தடவை தெருவுக்கே கேக்கும். நாலாவது தடவை ஒண்ணு நீங்களே எடுத்து வைப்பீங்க, இல்லைன்னா ஃபோனைக் காட்டி லஞ்சம் கொடுப்பீங்க.

நீங்க மட்டும் இல்ல. குழந்தைங்ககிட்ட வேலை வாங்கணும்னா பெரும்பாலான பெரியவங்க நம்புறது வாயைத்தான். அந்த வாயைக் குறைச்சுட்டு, கையையும் கண்ணையும் அறையில இருக்கிற நாற்காலி மேசையையும் பேச வெச்சா என்ன ஆகும்? இதை ஆயுசு முழுக்கச் சோதிச்சுப் பார்த்த ஒரு டாக்டரம்மாவைப் பத்தித்தான் இந்தக் கட்டுரை. பேர் மரியா மாண்டிசோரி.

ஆமாங்க, ஊருக்கு நாலு நர்சரி ஸ்கூல் போர்டுல பார்க்குற அதே பேர்தான். அது ஒரு மனுஷியோட பேர்னும், அவங்க நம்ம சென்னையில வருஷக்கணக்கா இருந்தாங்கன்னும் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

எஞ்சினியர் ஆக வேண்டியவர்

மரியா 1870 ஆகஸ்ட் 31 அன்று இத்தாலியில், அங்கோனா நகருக்குப் பக்கத்தில் இருக்கும் கியாரவாலே என்ற சின்ன ஊரில் பிறந்தார். அப்பா அரசாங்க அதிகாரி, பழைய காலத்து ஆள். அம்மா நிறையப் படிக்கிறவர். மரியாவுக்கு ஐந்து வயதாகும்போது குடும்பம் ரோமுக்குக் குடிபெயர்ந்தது.

படிச்ச பொண்ணுன்னா டீச்சர் ஆகலாம், அதோட சரி. அப்படிப்பட்ட காலம் அது. மரியாவோ 13 வயதில் பையன்கள் படிக்கும் தொழில்நுட்பப் பள்ளியில் போய்ச் சேர்ந்தார். கணக்கு அவருக்கு ரொம்பப் பிடிக்கும். எஞ்சினியர் ஆவதுதான் திட்டம். (நம்ம ஆளு!) பள்ளி முடிவதற்குள் மனசு மாறி, டாக்டர் ஆகணும்னு முடிவெடுத்தார். அப்பாவுக்குச் சுத்தமாப் பிடிக்கவில்லை. அம்மா பக்கபலமாக நின்றார்.

மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்ததும் பிரச்சினை தீர்ந்துவிடவில்லை. ஆண் மாணவர்களோடு சேர்ந்து நின்று ஒரு பெண் பிணத்தை அறுத்துப் படிக்கக் கூடாது என்றார்கள். அதனால் எல்லாரும் போன பிறகு, அந்த அறையில் தனியாக நின்று அறுத்துப் படித்தார். நமக்கு லேப்ல பார்ட்னர் லீவு போட்டாலே கை நடுங்குது, யோசிச்சுப் பாருங்க. 1896ல் பட்டம் வாங்கி, இத்தாலியின் முதல் சில பெண் டாக்டர்களில் ஒருவரானார்.

கைக்கு ஒண்ணுமே இல்லாத அறை

படிப்பு முடிந்ததும் ரோம் பல்கலைக்கழகத்தின் மனநலப் பிரிவில் வேலை. அதற்காக மனநலக் காப்பகங்களுக்குப் போவார். மனவளர்ச்சி குறைந்த குழந்தைகளையும் அந்தக் காலத்தில் அங்கேதான் அடைத்து வைப்பார்கள்.

ஒரு காப்பகத்தில், சாப்பிட்டு முடித்த குழந்தைகள் தரையில் விழுந்த ரொட்டித் துணுக்குகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். பார்த்துக்கொள்ளும் அம்மாவுக்கு அது அருவருப்பாக இருந்தது. மரியா அந்த அறையைச் சுற்றிப் பார்த்தார். தொட்டுப் பார்க்க, உருட்டிப் பார்க்க, அடுக்கிப் பார்க்க ஒரு பொருளும் இல்லை. இந்தக் குழந்தைகளுக்குப் பசி வயிற்றில் இல்லை, கையில்தான் என்று அவருக்குப் புரிந்தது.

தனக்கு முன்னால் யாராவது இதை யோசித்திருக்கிறார்களா என்று தேடினார். இத்தார், செகின் என்று இரண்டு பிரெஞ்சு டாக்டர்கள் கிடைத்தார்கள். இத்தார் பாரீஸில் காது கேளாதோர் பள்ளியில் வேலை பார்த்தவர். காட்டில் தனியாக வளர்ந்து பிடிபட்ட, பேச்சே வராத ஒரு சிறுவனோடு பல வருஷம் போராடியவர். செகின் அவருடைய மாணவர். சொல்லிப் புரியவைக்க முடியாத குழந்தைகளுக்குத் தொடுவது, பார்ப்பது, செய்து காட்டுவது மூலமாகக் கற்றுக்கொடுக்கலாம் என்பது இவர்கள் போட்ட பாதை. அந்தப் புத்தகங்களை ஒரு எழுத்து விடாமல் இத்தாலியனில் தன் கைப்பட எழுதிப் படித்தார் மரியா.

1900ல் இப்படிப்பட்ட குழந்தைகளுக்காகவும் அவர்களுடைய ஆசிரியர்களுக்காகவும் ரோமில் தொடங்கிய ஒரு பள்ளிக்கு அவர் இணை இயக்குநர். அங்கே படித்த சில குழந்தைகள், சாதாரணப் பள்ளிப் பிள்ளைகள் எழுதும் பரீட்சையையே எழுதித் தேறினார்கள். ஊரே பாராட்டியது. மரியாவின் கவலை வேறு. இவர்களே இவ்வளவு தூரம் வர முடிகிறது என்றால், நல்லா இருக்கிற குழந்தைகளை நம் பள்ளிக்கூடங்கள் எவ்வளவு கீழே பிடித்து வைத்திருக்கின்றன என்று யோசித்தார்.

பூட்ட மறந்த அலமாரி

ரோமில் சான் லோரென்சோ என்று ஒரு ஏழைப்பட்ட பகுதி. அங்கே ஒரு கட்டட நிறுவனம் அடுக்குமாடிக் குடியிருப்புகளைப் புதுப்பித்து வாடகைக்கு விட்டது. அப்பா அம்மா ரெண்டு பேரும் வேலைக்குப் போய்விடுவார்கள். பள்ளி வயது வராத வாண்டுகள் நாள் முழுக்கப் படிக்கட்டில் ஓடி, சுவரில் கிறுக்கி, கட்டடத்தை ஒரு வழி பண்ணிக்கொண்டிருந்தன. இவர்களை ஒரு அறையில் வைத்துப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று மரியாவைக் கேட்டார்கள். முதலாளிகளுக்குச் சுவர் பிழைத்தால் போதும்!

1907 ஜனவரி 6 அன்று அங்கே குழந்தைகள் இல்லம் திறந்தது. ஐம்பதுக்கும் மேல் குழந்தைகள். பயந்துபோய் அழுகை. பார்த்துக்கொள்ள வந்த பெண்ணுக்கு ஆசிரியர் பயிற்சி எதுவும் கிடையாது. மரியாவுக்கு அதுதான் வசதியாக இருந்தது. பாடம் நடத்தும் பழக்கம் இல்லாதவர் வாயைத் திறந்து பிரசங்கம் பண்ண மாட்டார், இல்லையா?

காப்பகக் குழந்தைகளுக்காகச் செய்த பொருட்களை இங்கே கொண்டுவந்து வைத்தார். ஒரு மரக்கட்டையில் பத்துக் குழிகள், அதில் பொருந்தும் பத்து உருளைகள். ஒரு சின்னப் பெண் அந்த உருளைகளை எடுத்து, கலைத்து, திரும்பப் பொருத்திக்கொண்டே இருந்தாள். மரியா சோதித்துப் பார்க்க மற்ற குழந்தைகளைச் சுற்றிலும் பாட வைத்தார். அவளை நாற்காலியோடு தூக்கி மேசை மேல் வைத்தார். அவள் கவனம் கலையவில்லை. நாற்பது தடவைக்கு மேல் செய்த பிறகு, தானாக நிறுத்தி, நல்லாத் தூங்கி எழுந்தவள் மாதிரி நிமிர்ந்து பார்த்தாள்.

இந்த உருளைக் கட்டையைக் கொஞ்சம் கவனிங்க. ஒரு உருளை தப்பான குழிக்குப் போனால், கடைசி உருளைக்கு இடம் இருக்காது. தப்பு என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. நம்ம பாஷையில சொன்னா, ஃபீட்பேக் அந்தப் பொருளுக்குள்ளேயே இருக்கு. கம்பைலர் உங்களைத் திட்டுமா? எந்த வரியில இடிக்குதுன்னு காட்டும், அவ்வளவுதான். நீங்க திருத்திட்டு மறுபடி ஓட்டுவீங்க. முகத்துல அடிச்ச மாதிரி யாராவது திட்டியிருந்தா லேப்டாப்பை மூடிட்டுப் போயிருப்பீங்க.

ஆரம்பத்தில் இந்தப் பொருட்களைப் பூட்டி வைத்து, அந்தப் பெண்தான் எடுத்துக் கொடுப்பார். ஒருநாள் அலமாரியைப் பூட்ட மறந்துவிட்டார். வந்து பார்த்தால், குழந்தைகள் தங்களுக்கு வேண்டியதை எடுத்து வைத்து வேலையில் மூழ்கியிருந்தார்கள். அவர் அதைத் திருட்டு மாதிரி பார்த்தார். மரியாவோ, எது எங்கே இருக்கிறது, எதை எடுக்க வேண்டும் என்று இவர்களுக்கே தெரிகிறது என்று எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகுதான் கதவில்லாத, குழந்தை கைக்கு எட்டும் குட்டை அலமாரிகள் வந்தன. குழந்தையே தூக்கக்கூடிய லேசான நாற்காலிகளும் வந்தன. லேசான நாற்காலி இடித்தால் விழுமே என்று சிலர் கேட்டார்கள். விழட்டும் என்றார் மரியா. நாற்காலி விழுற சத்தமே, இடிச்சுட்டே, பார்த்துப் போ என்று குழந்தைக்குச் சொல்லிவிடும்.

மூக்கு சிந்தும் பாடம்

எனக்கு மரியாவின் வாழ்க்கையில் ரொம்பப் பிடித்த இடம் இதுதான். ஒருநாள் அவர் குழந்தைகளுக்கு மூக்கு சிந்துவது எப்படி என்று செய்து காட்டினார். கைக்குட்டையை எடுப்பது, மடிப்பது, சத்தம் இல்லாமல் மற்றவர் கண்ணில் படாமல் சிந்துவது, எல்லாம் மெதுவாக. கொஞ்சம் வேடிக்கையாக இருக்கட்டுமே என்று நினைத்துத்தான் செய்தார். ஒரு குழந்தைகூடச் சிரிக்கவில்லை. கண் இமைக்காமல் பார்த்தார்கள். முடிந்ததும் நாடகம் பார்த்த மாதிரி எல்லாரும் கை தட்டினார்கள்.

ஏன்? மூக்கு ஒழுகுதுன்னு அந்தப் பிள்ளைகளை எல்லாரும் திட்டியிருக்கிறார்கள். எப்படித் துடைப்பது என்று பொறுமையாக யாருமே காட்டியதில்லை. மானத்தை வாங்காமல் ஒருவர் சொல்லிக்கொடுத்தது அதுதான் முதல் தடவை.

இதிலிருந்து அவருடைய முறை உருவானது. பக்கத்தில் போய் உட்கார். செய்ய வேண்டியதை மெதுவாகச் செய்து காட்டு. காட்டும்போது பேசாதே, பேசினால் குழந்தை உன் கையைப் பார்ப்பதா வாயைப் பார்ப்பதா என்று குழம்பும். காட்டி முடித்ததும் விலகிக்கொள். தப்பாகச் செய்தால் கையைப் பிடித்துத் திருத்தாமல், இன்னொரு நாள் திரும்பக் காட்டு. குழந்தைகள் எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பித்ததும், செய்ய வேண்டியதைத் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்தார். சீட்டைப் படித்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து போய் அதைச் செய்துவிட்டு வருவார்கள்.

நாலு மாதக் குழந்தை எடுத்த வகுப்பு

ஒருநாள் வாசல் முற்றத்தில் ஒரு தாயின் கையில் நாலு மாதப் பெண் குழந்தை ஒன்று துணியால் சுற்றப்பட்டு அமைதியாக இருந்தது. மரியா அதை வாங்கிக்கொண்டு வகுப்புக்குள் வந்தார். இந்தப் பாப்பா மாதிரி உங்களால அசையாம இருக்க முடியாது, மூச்சுக்கூட அது எவ்வளவு மெதுவா விடுது பாருங்க என்று விளையாட்டாகச் சொன்னார். குழந்தைகள் கால்களைச் சேர்த்து வைத்தார்கள். மூச்சை மெதுவாக்கினார்கள். அந்த அறையில் அதுவரை யாரும் கேட்டிராத கடிகாரச் சத்தம் எல்லாருக்கும் கேட்டது.

அதற்குப் பிறகு அது ஒரு விளையாட்டானது. எல்லாரும் அசையாமல் இருப்பார்கள். மரியா பக்கத்து அறைக்குப் போய், ஒவ்வொரு பெயராகக் கிசுகிசுத்த குரலில் கூப்பிடுவார். பெயர் கேட்ட குழந்தை எழுந்து, நாற்காலி இடிக்காமல், கால் சத்தம் வராமல் அவரிடம் வரும். நாற்பது பேருக்கு மேல் இருந்தால் கடைசிக் குழந்தை எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும்! பாவம் என்று நினைத்து, வருகிறவர்களுக்கு மிட்டாய் கொடுக்கலாம் என்று வாங்கி வைத்தார். குழந்தைகள் வாங்கவில்லை. இதை ஏன் கெடுக்குறீங்க என்பது மாதிரி பார்த்தார்கள்.

எப்படி வேலை செய்தது இது? கத்திக் கூப்பிட்டால், காதைக் கொடுக்காமலே நமக்குக் கேட்டுவிடும். கிசுகிசுத்தால், கேட்க வேண்டிய வேலை நம் பக்கம் வந்துவிடும். உன் பெயரைச் சொல்கிறார்களா என்று நீயே முழுசாகக் கவனிக்க வேண்டும். அதோடு, கடைசியில் கூப்பிடுவது உன் பெயரை. ஒரு பெரியவர் உன்னை மட்டும் நினைத்து, மெதுவாகக் கூப்பிடுகிறார். மிட்டாய் எதுக்கு?

அமைதியா, அடக்கமா?

இங்க ஒரு நிமிஷம் நில்லுங்க. கைகட்டி வாய்பொத்தி உட்கார்ந்திருக்கும் வகுப்பும் அமைதியாகத்தான் இருக்கும். பிரம்பு வைத்திருக்கும் வாத்தியாரும் வாய் திறக்காமலே கண்ணால் மிரட்டி வேலை வாங்குவார். அதுவும் பேசாமல் சொல்வதுதானே? அப்போ என்ன வித்தியாசம்?

இந்தக் கேள்வி மரியாவையே தேடி வந்தது, அதுவும் முசோலினி உருவத்தில். 1920களில் முசோலினி அரசு அவருடைய பள்ளிகளுக்கு ஆதரவு கொடுத்தது. ஒழுங்காக, சத்தமில்லாமல் வேலை செய்யும் குழந்தைகளைப் பார்த்தால் சர்வாதிகாரிக்குப் பிடிக்காதா என்ன? மரியாவும் அந்த ஆதரவை ஏற்றுக்கொண்டார். இதை மறைத்து எழுதினால் அது வாழ்க்கை வரலாறு ஆகாது. ஆனால் போகப் போக, குழந்தைகள் கட்சிச் சீருடை போட வேண்டும், கட்சி பாணியில் கையை நீட்டி சல்யூட் அடிக்க வேண்டும் என்று வந்தது. அவர் ஒத்துக்கொள்ளவில்லை. 1934ல் முறிவு முழுமையானது. இத்தாலியில் அவருடைய பள்ளிகள் மூடப்பட்டன, அவர் நாட்டை விட்டு வெளியேறினார். ஜெர்மனியில் ஹிட்லர் ஆட்சியும் மாண்டிசோரி பள்ளிகளை மூடியது.

சல்யூட்டும் ஒரு சைகைதான். குழந்தை எதற்கு என்று தெரியாமலே கையைத் தூக்கும், எல்லாரும் ஒரே நேரத்தில் தூக்க வேண்டும், தூக்காவிட்டால் தண்டனை. மரியாவின் வகுப்பில் ஒரு குழந்தை உருளையை எடுக்காமல் போனால் ஒன்றும் ஆகாது, வேறு எதையாவது எடுக்கும். பேசாமல் சொல்வது ஒரு கருவி. கத்தி மாதிரி, காய்கறியும் வெட்டும், ஆளையும் வெட்டும். குழந்தைக்கு மாட்டேன் என்று சொல்ல இடம் இருக்கிறதா என்று பாருங்க. இருந்தால் அது ஒத்துழைப்பு. இல்லைன்னா வெறும் அடக்கம்.

சொல்லாமல் இருந்த ஒன்று

மரியாவின் வாழ்க்கையில் இன்னொரு மௌனமும் உண்டு. அது விளையாட்டு இல்லை.

1898ல் அவருக்கு ஒரு மகன் பிறந்தான், பெயர் மரியோ. அப்பா, கூட வேலை பார்த்த டாக்டர் மொந்தேசானோ. கல்யாணம் நடக்கவில்லை. விஷயம் வெளியே தெரிந்தால் அந்தக் காலத்து இத்தாலியில் அவர் டாக்டராகவோ ஆராய்ச்சியாளராகவோ தலைகாட்ட முடியாது. குழந்தை ஊருக்கு வெளியே வேறு ஒரு குடும்பத்தில் வளர்ந்தது. மரியா அவ்வப்போது போய்ப் பார்ப்பார், அம்மா என்று சொல்லிக்கொள்ளாமல். ஊர்க் குழந்தைகளின் மனசைப் படித்துக்கொண்டிருந்த அந்த வருஷங்களில், சொந்தக் குழந்தை வேறொரு வீட்டில் வளர்ந்தது.

1912 கடைசியில் மரியாவின் அம்மா இறந்துபோனார். அதற்குப் பிறகுதான், பதினைந்து வயது வாக்கில், மரியோ அவரோடு வந்து சேர்ந்தான். அப்போதும் வெளியாட்களுக்குச் சொன்னது சொந்தக்காரப் பையன் என்றுதான். சாகும்வரை அவருக்கு வலதுகையாக இருந்தது அந்த மகன்தான்.

அடையாறு

1939ல், 69 வயதில், அடையாறு தியசாபிகல் சொசைட்டியின் அழைப்பில் மரியா மரியோவோடு மெட்ராஸ் வந்தார். அழைத்தவர்கள் ஜார்ஜ் அருண்டேலும் ருக்மிணி தேவியும். முந்நூறு பேருக்கு மேல் ஆசிரியர் பயிற்சிக்குச் சேர்ந்தார்கள், அவர்கள் தங்க ஓலைக் குடிசைகள் போட்டார்கள். மரியா இத்தாலியனில் பேசுவார், மரியோ இங்கிலீஷில் சொல்வார், கேட்கிறவர்களுக்குத் தாய்மொழி வேறு வேறு. ஆனால் உருளையைப் பொருத்திக் காட்டும் கைக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

1940 ஜூனில் இத்தாலி போரில் குதித்தது. பிரிட்டிஷ் அரசுக்கு இருவரும் எதிரி நாட்டுக்காரர்கள். மரியோவை மகாராஷ்டிரத்தில் அகமத்நகர் முகாமுக்குக் கொண்டுபோனார்கள். மரியா வெளியே போகக் கூடாது என்று கட்டுப்பாடு. ஆகஸ்ட் 31, அவருடைய 70வது பிறந்தநாள். வைஸ்ராயிடமிருந்து ஒரு தந்தி வந்தது. பிறந்தநாள் பரிசாக மரியோவை விடுதலை செய்வதாகச் செய்தி. அதில் மரியோவை அவருடைய மகன் என்றே எழுதியிருந்தார்கள். நாற்பது வருஷத்துக்கு மேல் ஊரறியச் சொல்லப்படாத வார்த்தை, ஒரு அரசாங்கத் தந்தியில் வந்து சேர்ந்தது.

பிறகு கொடைக்கானலில் சுமார் இரண்டு வருஷம். அங்கேதான் ஆறு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கான பாடமுறையை அம்மாவும் மகனும் வளர்த்தெடுத்தார்கள். இந்தியாவில் அவரிடம் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் ஆயிரத்துக்கும் மேல். 1952 மே 6 அன்று நெதர்லாந்தின் நோர்ட்வைக் என்ற கடலோர ஊரில் மரியா இறந்தார்.

அவருடைய பெயரில் இன்று நம்ம ஊரில் ஆயிரம் போர்டு இருக்கு. உள்ளே போனால் வாயில விரல் வைன்னு ஒரு குரல் கேட்கும் இடங்களும் உண்டு. போர்டை மாத்துறது நம்ம கையில இல்ல. ஆனா என்எஸ்எஸ் கேம்ப்ல கிராமத்துப் பள்ளிக்குப் போவீங்க, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு டியூஷன் எடுப்பீங்க, இன்னும் சில வருஷத்துல உங்க வீட்டுலயே ஒண்ணு தவழும். அப்போ தூரத்துல நின்னு கத்தாம, பக்கத்துல போய் உட்காருங்க. ஒரு தடவை மெதுவா செஞ்சு காட்டுங்க. அப்புறம் சும்மா இருங்க. அந்தச் சும்மா இருக்கிறதுதான் ரொம்பக் கஷ்டம். குழந்தை உடனே செய்யாது. நாளைக்கும் செய்யாமப் போகலாம். திரும்பக் காட்டுங்க.